உதவி: பழைய லிங்க் பட்டியல் எதுவும் திறக்கவில்லை – எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாறு, குடிமையியலுக்கு அரசுத் தளங்கள்

கரும்பலகை:
அடுத்த வாரம் பில் ஆஃப் ரைட்ஸ் (அமெரிக்க அரசியல் சட்டத்தின் குடிமக்கள் உரிமைத் திருத்தங்கள்) பாடம். எட்டாம் வகுப்பு, 28 பிள்ளைகள், ஒரு பீரியட் 45 நிமிடம். எனக்கு முன்பு இந்த வகுப்பை எடுத்தவர் வைத்திருந்த இலவச அரசுத் தளங்களின் பட்டியல்தான் கையில் இருக்கிறது. சிக்கல்கள்:

1. ஃப்ரீ டாட் எட் டாட் கவ், அவர் டாக்குமென்ட்ஸ், தாமஸ், அமெரிக்கன் மெமரி – நான்கில் ஒன்று திறக்கவே இல்லை, மற்றவை சம்பந்தமில்லாத முகப்பில் கொண்டுபோய் விடுகின்றன.
2. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நூலகப் படங்கள் வீட்டில் தெரிகின்றன. பள்ளிக் கணினியில் வெறும் வெள்ளைக் கட்டம்.
3. மூல ஆவணத்தை அச்செடுத்தால் எழுத்தெல்லாம் கலங்கல்.
4. பில் ஆஃப் ரைட்ஸ் மூலப் பிரதியில் 12 பிரிவு எண்ணினேன். பாடப்புத்தகத்தில் 10. தப்பான கோப்பை இறக்கிவிட்டேனா?

காசு கட்டும் தளங்கள் வேண்டாம்.

பழைய_பெட்டி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ஃப்ரீ டாட் எட் டாட் கவ், கல்வித் துறை நடத்திய தொகுப்புப் பட்டியல். அதை மூடிவிட்டார்கள், அதே வேலையைச் செய்யும் வாரிசும் வரவில்லை. அதை அடித்துவிடுங்கள். மற்ற மூன்றும் சாகவில்லை, வீடு மாறியிருக்கின்றன. அவர் டாக்குமென்ட்ஸில் இருந்த 100 ஆவணங்கள், பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்ட 1776 லீ தீர்மானம் தொடங்கி 1965 வாக்குரிமைச் சட்டம் வரை, தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 'மைல்ஸ்டோன் டாக்குமென்ட்ஸ்' என்ற பகுதிக்குப் போய்விட்டன. படம், எழுத்துப் படி, முன்கதை மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். தாமஸுக்கு 2016 ஜூலையில் ஓய்வு கொடுத்தார்கள். மசோதா எதுவானாலும் இப்போது காங்கிரஸ் டாட் கவ்தான். அமெரிக்கன் மெமரி தொகுப்புகள் காங்கிரஸ் நூலகத்தின் பொதுத் தளத்துக்குள் கரைந்துவிட்டன. ஆசிரியருக்கானதை அங்கே 'கிளாஸ்ரூம் மெட்டீரியல்ஸ்' என்று தேடுங்கள். தலைப்பு வாரியாக 'பிரைமரி சோர்ஸ் செட்' இருக்கும்.

இனிமேல் பட்டியல் எழுதும்போது உலாவியின் முகவரிப் பெட்டியில் இருப்பதை நகலெடுக்காதீர்கள், அதில் தேடல் சொற்களும் ஒட்டிக்கொண்டு வரும். நூலகத்தின் பொருட்பக்கத்தில் நிலையான இணைப்பு தனியாகக் கொடுத்திருப்பார்கள். காப்பகத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தேசிய ஆவண அடையாள எண் ஒன்று உண்டு. அந்த எண்ணையும் தலைப்பையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். தளம் நாளைக்கு மறுபடி மாறினாலும் எண்ணைப் போட்டால் ஆவணம் வந்துவிடும்.

கம்பி_இணைப்பு:
வெள்ளைக் கட்டம் பெரும்பாலும் பள்ளி ஃபில்டரின் வேலை. நூலகத்தின் பக்கம் ஒரு முகவரியிலிருந்து வரும், படம் 'டைல்' என்று தொடங்கும் இன்னொரு துணை முகவரியிலிருந்து வரும். முதலாவதை மட்டும் அனுமதித்திருந்தால் தலைப்பு, விவரம் எல்லாம் தெரியும், படம் மட்டும் வராது. காப்பகத்தின் கேட்டலாக்கில் இதைவிட மோசம்: படங்கள் அமேசானின் சேமிப்பு முகவரியில் கிடக்கும், பல பள்ளிகள் அதை மொத்தமாகவே அடைத்து வைத்திருக்கும்.

உறுதி செய்துகொள்ள: வெள்ளைக் கட்டத்தில் வலது கிளிக், படத்தைப் புதிய டேபில் திற. தடைப் பக்கம் வந்தால் காரணம் அதுதான். அந்த டேபில் உள்ள முகவரியைக் கணினிப் பிரிவுக்கு அனுப்பி அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். 'நூலகத் தளம் வேலை செய்யவில்லை' என்று பொதுவாக எழுதினால் அவர்கள் முகப்பைத் திறந்து பார்த்துவிட்டு 'இங்கே திறக்கிறதே' என்று முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. 28 பேரும் ஒரே நேரத்தில் நூலகத்தில் தேடினால், எல்லாக் கோரிக்கையும் பள்ளியின் ஒரே முகவரியிலிருந்து போகும். வரம்பு தாண்டினால் தளம் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடும். வகுப்பில் நேரடித் தேடல் வைக்காதீர்கள். தேவையானதை முன்கூட்டியே இறக்கிப் பள்ளி டிரைவில் போடுங்கள்.

அச்சு_மை:
மூன்றாவது: நீங்கள் சேமித்தது திரைக்கான சிறு படமாக இருக்கும். படத்தின் மேல் வலது கிளிக் செய்து சேமித்தால் அதுதான் வரும். படத்துக்குக் கீழே இறக்கும் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் பெரிய ஜேபெக்கை எடுங்கள். டிஃப் என்ற பெரிய படக் கோப்பு வேண்டாம். சில டிஃப் கோப்புகள் 100 எம்பியைத் தாண்டும், பள்ளி மடிக்கணினி மூச்சு வாங்கும், தாளில் வித்தியாசமும் தெரியாது.

கணக்கு இதுதான். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் 2550க்கு 3300 பிக்சல். பதினொன்றுக்குப் பதினேழு தாளில் 150 புள்ளி போதும் என்றால் 1650க்கு 2550. இதற்குக் குறைந்த கோப்பைப் பெரிதாக்கினால் கலங்கல்தான்.

சுதந்திரப் பிரகடனத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதை எழுதிய மூலத் தோல் (பார்ச்மென்ட்) அவ்வளவு வெளிறிப்போயிருப்பதால் எத்தனை பிக்சல் இருந்தாலும் படிக்க முடியாது. 1823ல் வில்லியம் ஸ்டோன் செப்புத் தகட்டில் செதுக்கி எடுத்த படியின் படத்தைக் காப்பகமே தருகிறது. அதை அச்சிடுங்கள்.

கரும்பலகை:
வலது கிளிக் சோதனையில் தடைப் பக்கமேதான் வந்தது. முகவரியை அனுப்பியிருக்கிறேன். பெரிய ஜேபெக் தெளிவாக வருகிறது. அந்த 12?

சட்டப்பிரிவு:
சரியான ஆவணம்தான் இறக்கியிருக்கிறீர்கள். பில் ஆஃப் ரைட்ஸ் என்று காப்பகத்தில் வைத்திருக்கும் தோல், 1789 செப்டம்பர் 25 அன்று காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்ப நிறைவேற்றிய தீர்மானம். அதில் இருந்தது 12 திருத்தம். 1791 டிசம்பர் 15க்குள் மாநிலங்கள் ஏற்றது 10. விழுந்தவை முதல் இரண்டும்: ஒன்று, பிரதிநிதிகள் சபையில் எத்தனை பேருக்கு ஒரு உறுப்பினர் என்பது, இரண்டு, காங்கிரஸ் உறுப்பினர் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்பது.

அதனால்தான் பேச்சுரிமை, மத உரிமை பேசும் 'முதல் திருத்தம்' அந்தத் தாளில் 'மூன்றாம் பிரிவு' என்று நிற்கிறது. பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுதான். இதை நீங்களே முதலில் சொல்லிவிடாதீர்கள், தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். சம்பளப் பிரிவு செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஏற்க வேண்டிய கெடு எதுவும் அதில் இல்லை. 1982ல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கட்டுரைக்காக அதைத் தோண்டியெடுத்தார், கிடைத்தது சி கிரேடு. அவர் விடாமல் மாநிலங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1992ல் அது 27ஆம் திருத்தமானது.

ஒவ்வொரு பிரிவுக்கும் இன்றைய விளக்கமும் வழக்குகளும் வேண்டுமானால் காங்கிரஸ் நூலகத்தின் 'கான்ஸ்டிட்யூஷன் அன்னோடேட்டட்'. பிள்ளைகளுக்கு அது கனம், உங்கள் தயாரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்வைத்துப் பேசிய உரை 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இருக்கிறது. இரண்டு பத்தி வெட்டிக் கொடுத்தால் போதும்.

நூலகத்தடி:
45 நிமிடத்துக்கு ஒரே ஆவணம் போதும். மூன்று வைத்தால் மூன்றையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதல் 10 நிமிடம் எழுத்துப் படியைக் காட்டாமல் படத்தை மட்டும் கொடுங்கள். காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பாய்வுத் தாளில் மூன்று பத்தி: கவனி, சிந்தி, கேள். 'கவனி' பத்தியில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் வர வேண்டும். பிள்ளைகள் அங்கேயே 'இது சுதந்திரத்துக்காக எழுதியது' என்று எழுதுவார்கள், அது 'சிந்தி'க்குப் போக வேண்டியது. அதைத் திருத்துவதில்தான் பாதி பாடம் இருக்கிறது. தலைப்பில் 'காங்கிரஸ்' என்ற சொல்லில் ஒரு எழுத்து எஃப் மாதிரித் தெரியும், அது அந்தக் கால நீள எஸ். சொல்லாவிட்டால் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும். பிறகு எழுத்துப் படியைக் கொடுத்து எண்ண விடுங்கள். கடைசியில் கீழே கையெழுத்து யார் யாருடையது என்று தேடச் சொல்லுங்கள்: பிரதிநிதிகள் சபைத் தலைவர் மியூலன்பெர்க்கும், செனட் தலைவராக ஜான் ஆடம்ஸும்.

கணினியில் செய்ய வேண்டுமானால் காப்பகத்தின் ஆவணப் பயிற்சித் தளமான 'டாக்ஸ்டீச்'. ஆசிரியர் கணக்கு இலவசம், இருக்கும் பயிற்சியை நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த மாதத்துக்கு ஒரு யோசனை: பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கை விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைது, 1955 டிசம்பர் 1. போலீஸ் அறிக்கையும் பேருந்தின் இருக்கை வரைபடமும் இரண்டும் காப்பகத்தில் உள்ளன. அறிக்கை அவர் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறது. வெள்ளையருக்கு ஒதுக்கியது முன்னால் இருந்த 10 இருக்கை, அவர் இருந்தது அதற்குப் பின்னால். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

கரும்பலகை:
தாளில் நகலெடுத்துக் கொடுக்க உரிமைச் சிக்கல் உண்டா? ஐசிவிக்ஸ் தளத்தின் குடிமையியல் விளையாட்டுகளும் அரசுடையதா?

சட்டப்பிரிவு:
ஐசிவிக்ஸ் அரசு அல்ல. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் 2009ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. இலவசம், நன்றாகவும் இருக்கிறது, ஆனால் அதன் விதிமுறை தனி.

உரிமையில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். கூட்டாட்சி அரசு ஊழியர் தன் பணியாகச் செய்ததற்குக் காப்புரிமை கிடையாது. அரசு *வைத்திருப்பதற்கு* எல்லாம் அது பொருந்தாது. டோரதியா லாங் 1936ல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம் அரசு வேலையாக எடுத்தது, தாராளமாக அச்சிடலாம். மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 'எனக்கொரு கனவு' உரை காப்பகத் தளத்திலேயே கிடைக்கும், உரிமை அவருடைய வாரிசுகளிடம். பக்கத்தில் உரிமை பற்றிய வரியைப் படிக்காமல் எதையும் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.

சனி_வகுப்பு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குடியுரிமைத் தேர்வுக்குப் பெரியவர்களைத் தயார் செய்கிறோம். 100 கேள்வியா, 128 கேள்வியா? வீடியோவுக்கு வீடியோ மாற்றிச் சொல்கிறார்கள்.

பழைய_பெட்டி:
விண்ணப்பம் போட்ட தேதியைப் பாருங்கள், நேர்காணல் தேதியை அல்ல. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவம் 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பின் போட்டிருந்தால் 128 கேள்விப் பட்டியல்: 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 சரியானதும் அல்லது 9 தவறானதும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் போட்டிருந்தால் 100 கேள்விப் பட்டியல்: 10ல் 6. 2020 பதிப்பிலும் 128 கேள்விதான், ஆனால் அதில் 20ஐயும் கேட்டு முடிப்பார்கள். வீடியோக்களில் குழப்பம் அங்கிருந்துதான்.

65 வயதாகி, கிரீன் கார்டு வாங்கி 20 ஆண்டு முடிந்தவர்களுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்வி மட்டும், அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். அவர்களும், 50 வயதும் 20 ஆண்டும் அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆனவர்களும் ஆங்கிலத் தேர்வு இல்லாமல் குடிமையியலைத் தமிழிலேயே சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்களே அழைத்துப் போக வேண்டும். இந்த வயதும் ஆண்டும் விண்ணப்பம் போடும் நாளில் நிறைந்திருக்க வேண்டும்.

ஆளுநர், செனட்டர், சபாநாயகர் பெயர்களை அச்சுத் தாளிலிருந்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். குடியேற்றத் துறைத் தளத்தில் விடை மாற்றங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, நேர்காணலுக்கு முந்தைய நாள் அதை ஒரு முறை பாருங்கள்.