பெய்ஜிங் போலீஸ் படம்: கதையா, ஆவணமா?

மண்வாசல்: சீன இயக்குநர் நிங் யிங் 1995-ல எடுத்த 'ஆன் தி பீட்' படத்தை நேத்து ஒருத்தர் "அருமையான ஆவணப்படம்"னு எழுதியிருக்கார். முழுசாப் பாத்தாரா? அது கதைப்படம். நடிச்சது நிஜப் போலீஸ்காரங்க, அவ்வளவுதான்.

சுடர்விழி: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். நிஜப் போலீஸ், நிஜத் தெரு. ஆவணத்துக்கு வேற என்ன வேணும்?

மண்வாசல்: எழுதி வச்ச கதை இருக்கே! படத்துல வர்ற போலீஸ்காரர் யாங் குவோலி, வேலைக்குப் புதுசா வந்த பையனைக் கூட்டிக்கிட்டு சைக்கிள் மிதிச்சபடியே அந்த ஏரியாவைப் பத்திப் பாடம் எடுக்கிறார். வெறிநாய் கடிச்ச புகார் வருது, ஸ்டேஷனே நாய் வேட்டைக்குக் கிளம்புது. கடைசியில திமிராப் பேசினவனைக் கைநீட்டி அடிச்சு, தண்டனையும் வாங்குறார். கேமராவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இதெல்லாம் வரிசையா நடந்துடுமா?

சந்துமுனை: அந்த நாய் வேட்டையை என்னால பாக்க முடியல. கண்ணை மூடிக்கிட்டேன்.

சுடர்விழி: அதுவும் நிஜம்தான். 1995 மே மாசம் வந்த சட்டப்படி அப்ப பெய்ஜிங்ல நாய் வளர்க்கப் பதிவுக் கட்டணமே 5,000 யுவானா இருந்துச்சு, அவ்வளவு கெடுபிடி. இப்பச் சொல்லுங்க, ஆவணமா இல்லையா?

மண்வாசல்: சட்டம் நிஜம்னா படம் ஆவணமாயிடுமா? நிங் யிங் ரோம்ல சினிமா படிச்சவங்க. 'தி லாஸ்ட் எம்பரர்' படத்துல இத்தாலி இயக்குநர் பெர்டோலுச்சிக்கு உதவி இயக்குநர். இத்தாலிக்காரங்க தெருவுல போறவங்களை நடிக்க வச்சு எடுத்ததெல்லாம் ஆவணப்படமா? ஈரான் படத்துக்கும் இதே குழப்பம்தான் பண்ணினீங்க. நான் மறக்கல.

சுடர்விழி: அன்னிக்கு நான் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமப் போனது யாரு? அதையும் ஞாபகம் வச்சுக்குங்க சார். ரோம், பெர்டோலுச்சின்னு பேரை அடுக்கினா பயந்துடுவேனா?

சந்துமுனை: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 1993-ல வந்த 'ஃபார் ஃபன்', 2001-ல வந்த 'ஐ லவ் பெய்ஜிங்', இதோட சேர்த்து மூணும் நிங் யிங்கோட ஒரே வரிசைப் படங்கள். என்னைக் கேட்டா முதல் படம்தான் உசத்தி.

மண்வாசல்: உங்களை யார் கேட்டா? உசத்தி தாழ்த்தி இங்க பேச்சே இல்ல. 'ஃபார் ஃபன்'ல பீகிங் ஆப்பரா, அதாவது சீனப் பாட்டு நாடகம், பாடுற தாத்தாக்களும் அப்படித்தான், அதையும் ஆவணம்னு சொல்லுவாங்களா? நிஜ ஆளுங்க நடிச்ச கதைப்படம். கதைப்படம்!

சந்துமுனை: நல்லதா ஒரு வார்த்தை சொன்னா இந்த மரியாதைதான் கிடைக்குது.

சுடர்விழி: சைக்கிள்ல போறப்ப யாங் பேசுறதைக் கேட்டீங்களா? வேலை பாக்கிறவன் பேச்சு அது. எழுதிக் குடுத்தா வராது. நான் எழுதினதை மாத்தப் போறதில்ல.

மண்வாசல்: எழுதிக் குடுத்தும் வரும். அதுக்குப் பேர்தான் இயக்கம். திரும்பவும் சொல்றேன், கதைப்படம்.

சந்துமுனை: அந்த நாய்க்கு நிஜமாவே அடிபட்டுச்சா? அதை யாராவது சொல்லுங்களேன்.