வெள்ள நிவாரணத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் ஏஐ: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தென்பெண்ணைக் கரை:
ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டாம் நாள், 2024 டிசம்பர். சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து, கடலூர்ப் பக்கம் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் மூழ்கிக் கிடந்தன. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை ஏஐ எழுத்தாக்கி, அவசரம் பார்த்து வரிசைப்படுத்தியது. எங்களிடம் படகு ஒன்றுதான். இருட்டிய பிறகு கடைசிப் பெயருக்கு வந்தோம். ஒரு பாட்டி, காலை எட்டு மணிக்கே அனுப்பியிருக்கிறார்: "தண்ணி திண்ணையத் தாண்டிடுச்சு தம்பி. பரவாயில்ல, புள்ளகுட்டிக்காரங்கள மொதல்ல பாருங்க." அந்தப் 'பரவாயில்ல' அவரைக் கடைசியில் தள்ளிவிட்டது. கட்டில்மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் முட்டிவரை வெளுத்துச் சுருங்கி, ஊறவைத்த துணி மாதிரி இருந்தன.

சிங்காரத்தோப்பு:
தம்பி, குரலைக் கேட்காமல் எழுத்தை மட்டும் நம்பியதுதான் தப்பு. எங்களுக்கு ஏஐ உதவியது. சுருக்குமடி வலையால் மீன் பிடிக்கலாமா, கூடாதா என்ற மீனவர் தகராறு தெரியும்தானே? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவை இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஏஐ தமிழாக்கியதைக் கூட்டத்தில் படித்தேன். திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, "12 கிலோமீட்டருக்கு அப்பால்" என்றதும் எதிர்த்தரப்புப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். உத்தரவில் இருப்பது 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர். எனக்குக் கை நடுங்கியது. மன்னிப்புக் கேட்டுத் திருத்திப் படித்தேன். "மீதியையும் படிப்பா" என்று உட்கார்ந்தார்.

முத்தியால்பேட்டை:
அண்ணே, ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியவருக்குக் கடல் தெரியும், அதனால் பிடித்தார். பாட்டிக்காகப் பிடிக்க அங்கே யார் இருந்தார்கள்? அதே புயலில் எங்கள் தெருவில் ஒரே அம்மாவின் பெயரை ஏஐ மூன்று விதமாக எழுதி, மூன்று முறை சாப்பாட்டுப் பொட்டலம் போனது. பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை. சரி, அடுத்த மழைக்கு முன் இதைச் செய்யுங்கள். தண்ணீர் கணுக்காலா, முட்டியா, இடுப்பா என்று கேட்டு எழுதுங்கள். வயது என்ன, தனியாக இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெயரை விட்டுவிட்டு போன் நம்பரை வைத்து ஆளைப் பிரித்தறியுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் போகாத பதிவு தானாகவே பட்டியலில் மேலே ஏற வேண்டும். பட்டியலின் கடைசிப் பத்துப் பேருக்கு ஒருவர் உட்கார்ந்து போன் செய்தே ஆக வேண்டும். அப்புறம், ஆதார் படத்தை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். 2018இல் பாட்னாவில் தொடங்கிய கூகுள் வெள்ள முன்னறிவிப்பையும் பாருங்கள். ஆறு எவ்வளவு ஏறும் என்பதற்கு அது உதவும், வீட்டுக்குள் யார் மாட்டியிருக்கிறார் என்பதற்கு உதவாது.

தென்பெண்ணைக் கரை:
போன் செய்யும் யோசனையை எடுத்துக்கொள்கிறோம். பாட்டி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். "அன்னிக்கு ராத்திரி நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.