ஜப்பான் கடைகளில் பில் போடுபவர்மீது எரிந்து விழும் பயணிகள்: கவுன்ட்டர் பக்கத்து அனுபவங்கள்

டோக்கியோ, கொன்பினி இரவு ஷிஃப்டிலிருந்து

வெளிநாட்டுப் பயணிக்கும் கடை ஊழியருக்கும் உரசல் அதிகம் வருவது கொன்பினி என்ற சின்னப் பலசரக்குக் கடையில்தான். செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் முதலிய பெயர்களில் நாடு முழுக்க 55,000-க்கும் மேல் இருக்கும் இந்தச் சின்னக் கடைகளில் ஒன்றில்தான் பயணிகள் பெரும்பாலும் வந்திறங்கிய இரவே நுழைகிறார்கள். 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் பேர் வந்தார்கள். பெரிய ஊர்களில் கவுன்ட்டரில் நிற்பவர் பல நேரம் ஜப்பானியரே இல்லை. நேபாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்க வந்த பிள்ளை. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 1,226 யென். நீங்கள் எந்த விதியைப் பார்த்துக் கோபப்படுகிறீர்களோ, அதை மாற்ற அவருக்கு எள்ளளவும் அதிகாரம் கிடையாது.

முதல் தகராறு வரிசையில் வரும். இரண்டு மூன்று கல்லா இருந்தாலும் பல கடைகளில் வரிசை ஒன்றுதான். தரையில் காலடித் தடம் போல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், முதல் ஆள் அதன்மேல் நிற்பார். எந்தக் கல்லா காலியாகிறதோ அங்கே அவர் போவார். பயணி இதைக் கவனிக்காமல் காலியான கல்லாவுக்கு நேரே போய்ச் சாமானை வைத்துவிடுவார். ஊழியர் கையைக் காட்டி வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னதும், “வெளிநாட்டுக்காரன் என்பதால் விரட்டுகிறாயா” என்று கத்தல் ஆரம்பிக்கும். பின்னால் நிற்கும் ஐந்து பேர் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த மௌனத்தைத் தன் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு.

அடுத்தது கேள்விகள். சாப்பாட்டைச் சூடாக்கவா, பை வேண்டுமா, பாயின்ட் கார்டு உண்டா என்று ஒவ்வொரு பில்லுக்கும் கேட்பது அவர் வேலை. பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை 1 முதல் காசு வாங்கியே ஆக வேண்டும் என்பது நாடு முழுமைக்கும் உள்ள விதி. 3 யென், 5 யென் என்று இருக்கும். நம் காசில் இரண்டு மூன்று ரூபாய். அதற்காகப் பையை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவதைப் பார்க்கவே கூசுகிறது. உட்கார்ந்து சாப்பிட இடம் உள்ள கடையில் இன்னொரு கேள்வி வரும்: இங்கேயே சாப்பிடுவீர்களா? 2019 அக்டோபர் முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8 சதவீதம். “எடுத்துப் போகிறேன்” என்று பில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தால் ஊழியருக்குத்தான் தர்மசங்கடம். விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை, கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் கொடுக்க வேண்டியது. அது தெரியாமல் “பத்து யென் ஏமாற்றிவிட்டான்” என்று சண்டை போடுவார்கள்.

காசு கொடுக்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். நோட்டையும் சில்லறையையும் அதில் வைக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இருவரும் பார்ப்பதற்காகத்தான் அது. மீதி தரும்போது ஊழியர் நோட்டுகளை உங்கள் கண் முன்னால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி முதலில் தருவார், பிறகு சில்லறையும் ரசீதும். பயணிகளில் சிலர் சுருட்டிய நோட்டைத் தட்டுக்கு மேலே வீசுவார்கள், சில்லறையைக் கொட்டுவார்கள். ஒரு யென் நாணயம் அலுமினியத்தில் செய்தது, எடை சரியாக 1 கிராம். கொட்டினால் துள்ளி ஓடும். கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து அதைப் பொறுக்கி எடுத்து, கணக்கு சரியாக இருக்கிறதா என்று அவர் திரும்ப எண்ண வேண்டும். அவசரப்பட்டு வீசியவருக்கே நேரம் இரட்டிப்பாகும். சில்லறையைத் தீர்த்துவிட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒரே மதிப்புள்ள நாணயத்தை 20-க்கு மேல் கொடுத்தால் வாங்க மறுக்கக் கடைக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நிறைய கடைகளில் இப்போது பணம் போடும் மெஷின் வாடிக்கையாளர் பக்கமே திரும்பியிருக்கிறது. ஊழியர் ஸ்கேன் மட்டும் செய்வார், திரையைத் தொட்டுப் பணமா கார்டா என்று நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். அவர் கையை நீட்டி வாங்காமல் நிற்பது திமிரால் அல்ல.

காபி மெஷின் விஷயமும் இருக்கிறது. கல்லாவில் சின்னக் கப்புக்குக் காசு கட்டிவிட்டுப் பெரிய கப்புக்கான பட்டனை அழுத்துவது திருட்டு. ஜப்பானியர்களே இதற்காக வேலை இழந்திருக்கிறார்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே கல்லாவில் சொன்னால் போதும், வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

ஒசாகா, மருந்து மற்றும் அழகுசாதனக் கடை, வரிவிலக்கு கவுன்ட்டர்

மேலே கொன்பினிக்காரர் சொன்னதைப் போலப் பத்து மடங்கு சத்தம் வரிவிலக்கு கவுன்ட்டரில் கேட்கும். காரணம் ஒன்றுதான்: பொருளைக் கூடையில் நிரப்பிய பிறகுதான் ஆட்கள் விதியைக் கேட்கிறார்கள்.

கடையிலேயே வரியைக் கழித்துத் தரும் முறை 2026 அக்டோபர் 31 வரைதான். அதற்கு ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கியிருக்க வேண்டும். 4,980 வந்தால் கிடையாது. ஊழியர் மனசு வைத்தாலும் மெஷின் ஏற்காது. அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், போனில் இருக்கும் படமோ ஜெராக்ஸோ செல்லாது. உள்ளே வந்தபோது ஒட்டிய அனுமதி ஸ்டிக்கரை ஊழியர் தேடிப் பார்ப்பார். ஹோட்டல் லாக்கரில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு வந்து “வாட்ஸ்அப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்” என்று போனை மூக்குக்கு நேரே நீட்டுவது தினமும் நடக்கிறது.

குடும்பமாக வருகிறவர்களிடம் வேறு சிக்கல். பொருள் மனைவி பாஸ்போர்ட்டில், கார்டு கணவர் பெயரில் இருக்கும். வாங்குகிறவரே பயணியாக இருக்க வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டிலும் கார்டிலும் ஒரே பெயர் வேண்டும் என்று பல கடைகள் கேட்கின்றன. இரண்டு பேர் பில்லைச் சேர்த்து 5,000 ஆக்கித் தரவும் முடியாது. இன்னொரு வகை, ஜப்பானில் வேலை பார்க்கும் உறவினர் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துப் பார்ப்பது. அங்கே வேலை செய்கிற வெளிநாட்டவர் சட்டத்தின் கண்ணில் உள்ளூர்வாசி, வரிவிலக்கு கிடையாது. அவர் உறவினர்கள் முன்னால் முகம் சிவந்து ஜப்பானிய மொழியிலேயே ஊழியரைத் திட்டுவதைப் பார்க்கும்போது, மொழி தெரியாதவர் கத்துவதே தேவலை என்று தோன்றும்.

கிரீம், சாக்லேட், மாத்திரை போன்ற தீர்ந்துபோகும் பொருட்களை ஊழியர் தெளிவான பிளாஸ்டிக் பையில் அடுக்கி, வாயைப் பசைப்பட்டையால் மூடித் தருவார். நாட்டை விட்டுப் போகும்வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் தெரியும்படிதான் அந்தப் பட்டை செய்யப்பட்டிருக்கிறது. கவுன்ட்டரிலேயே கிழித்து “இதில் ஒன்றை இன்றைக்கே உபயோகிக்க வேண்டும்” என்றால், அவர் முழு பில்லையும் ரத்து செய்து திரும்பப் போட வேண்டும், பின்னால் வரிசை வாசல்வரை போகும். இன்றே உபயோகிக்கப் போவதைத் தனியே எடுத்து, வரியோடு முதலில் பில் போட்டுக்கொண்டால் பிரச்சினையே இல்லை.

2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் முழு வரியும் கட்ட வேண்டும், கிளம்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு பணம் திரும்பி வரும். “போன முறை இங்கேயே கழித்தார்களே” என்று கல்லாவில் நிற்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம்.

நிஷி கசாய் பக்கத்திலிருந்து

டோக்கியோவில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி என்பதால், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இடறும் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கார்டு. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் தாமாகத் திறந்திருக்காது. வங்கி செயலியில் நாம்தான் இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, உச்சவரம்பையும் குறிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வந்து, மூன்று முறை மறுக்கப்பட்ட பிறகு “உன் மெஷின் கெட்டுப்போயிருக்கிறது” என்று கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் சீறுவது முழு அநியாயம். விமானம் ஏறும் முன் சரிபார்த்துவிடுங்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் யென் நோட்டும் வேண்டும். செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு எடுக்கும்.

சைவம். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் கடையில் சூப் பெரும்பாலும் எலும்பு மணிக்கணக்காகக் கொதித்து வருவது. அடியில் ஊற்றும் தாரே என்ற கலவையிலும் பெரும்பாலும் மீன் சாறு உண்டு. “மேலே இருக்கும் இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடு” என்றால் அது சைவம் ஆகாது. ‘முடியாது’ என்பதைச் சமையல்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வற்புறுத்த வேண்டாம். எட்டுப் பேர் உட்காரும் கடையில் அவர் ஒரே ஆள், அடுப்பில் நான்கு கிண்ணத்துக்கு நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும். இன்னொன்று: பாக்கெட்டில் உள்ள ஒவ்வாமை அட்டவணையில் காத்சுவோ மீன் வராது, அந்தப் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. மீன் இல்லை என்று அட்டவணையைக் காட்டி வாதாடாமல், மூலப்பொருள் வரிகளை மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் படியுங்கள். பிளம் ஊறுகாய் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டையில்கூடச் சில பிராண்டுகளில் காத்சுவோ சாறு சேர்ப்பதுண்டு.

சாப்பாட்டு டிக்கெட் மெஷின் உள்ள கடைகளில் ஒரு எரிச்சல் இப்போது கூடியிருக்கிறது. 2024 ஜூலை 3-ல் புது நோட்டுகள் வந்தன. பழைய மெஷின்கள் சில அவற்றைத் துப்பிவிடும். மெஷினை உதைக்காமல் உள்ளே போய் “சுமிமாசேன்” (மன்னிக்கவும்) என்று நோட்டைக் காட்டினால் பழைய நோட்டாக மாற்றித் தருவார்கள்.

பேரம் பேசுவதை டோக்கியோ உவேனோவின் அமேயோகோ சந்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். விலைச்சீட்டு ஒட்டிய கடையில் அது ஊழியரை நெளிய வைக்கும், ஒரு யென்னும் குறையாது.

கவாகுச்சிகோ குறித்து ஒரு சேர்க்கை

ஃபூஜிகவாகுச்சிகோ ஊரில் லாசன் கடைக்கு மேலே ஃபூஜி மலை தெரியும் படத்துக்காகக் கூட்டம் குவிந்து, நடுச்சாலையில் ஓடுவது, குப்பை போடுவது, எதிரே உள்ள பல் மருத்துவமனை இடத்தில் வண்டியை விட்டுவிட்டு எடுக்கச் சொன்னவர்களிடம் முறைப்பது எல்லாம் நடந்தது. காவலாள் போட்டும் கேட்கவில்லை. 2024 மே 21-ல் ஊராட்சி 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டியது. ஆகஸ்டில் புயல் எச்சரிக்கை வந்தபோது எடுத்தது. வலையிலும் சீக்கிரமே போன் கேமரா நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். படம் எடுப்பவர்கள் கடைக்குள் ஊழியர் முகத்தையும் கேட்காமல் எடுக்கிறார்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

சட்டமும், நிஜமாகவே குறை இருந்தால் செய்ய வேண்டியதும்

வாடிக்கையாளர் ஊழியரைத் துன்புறுத்துவதற்கு ஜப்பானில் ‘கஸுஹரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைத் தடுக்க டோக்கியோ 2024 அக்டோபரில் கொண்டுவந்த விதி 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் தண்டனை இல்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம், குற்றவியல் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மிரட்டி மன்னிப்புக் கேட்க வைத்தால் வற்புறுத்தல் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. 2013-ல் சப்போரோ துணிக்கடையில் ஊழியர்களை மண்டியிட வைத்துப் படத்தை இணையத்தில் போட்ட உள்ளூர்ப் பெண்மணி கைதானார். வெளியே போகச் சொன்ன பிறகும் நகராமல் நின்றால் அதுவே தனிக்குற்றம். தங்கும் விடுதிகளுக்கு 2023 டிசம்பர் 13 முதல், அளவுமீறித் திரும்பத் திரும்பத் தொல்லை கொடுக்கும் விருந்தினரை மறுக்கும் உரிமை இருக்கிறது. ஊழியர் பெயரை இணையத்தில் தேடித் தொல்லை கொடுப்பவர்கள் இருப்பதால், பெரிய கொன்பினி நிறுவனங்கள் 2024-ல் சட்டைப் பட்டையில் சொந்தப் பெயருக்குப் பதில் முதலெழுத்தையோ வேறு பெயரையோ போட அனுமதித்தன. பெயர்ப் பட்டையைப் படம் பிடித்து மிரட்டுவதால் பயனில்லை.

பில் தப்பாக இருந்தால் ரசீதை எடுங்கள், கவுன்ட்டரில் உங்கள் பக்கமாக அல்ல, ஊழியர் படிக்கும் பக்கமாகத் திருப்பி வையுங்கள். தவறான வரியை விரலால் காட்டுங்கள், பக்கத்தில் பொருளை வையுங்கள். வார்த்தையே வேண்டாம், பெரும்பாலானவை அங்கேயே தீரும். அவரால் முடியாதென்றால் “தென்ச்சோ” என்று கேளுங்கள், அது கடை மேலாளர். இரவில் மேலாளர் இருக்க மாட்டார்; ரசீதில் கடையின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும், மறுநாள் காலை ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் பேசித் தருவார்கள். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்ற காரணத்துக்குப் பல கடைகள் திரும்ப எடுக்காது. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பேசும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், ஐந்தாறு சொல்லுக்குள். மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் கொட்டினால் திரையில் வருவது அவருக்கு ஒன்றும் விளங்காது.