உடம்பில் ஒட்டிய கருவி: திரையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்

செங்காங் மகள்:

அப்பாவுக்குக் காலில் தோல் தொற்று. சர்க்கரையும் இருப்பதால் மாத்திரை போதாது, ஊசி வழியாகத்தான் ஆண்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்றார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், மிச்ச மருந்தை வீட்டிலேயே ஏற்றலாமே என்றார் டாக்டர். சிங்கப்பூரில் இருக்கும் எம்ஐசி அட் ஹோம் என்ற திட்டம் அது, வார்டுச் சிகிச்சையை வீட்டிலேயே தருவது. 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. கணக்குப்படி அப்பா வார்டில் இருக்கும் நோயாளிதான். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இரண்டையும் பயன்படுத்தலாம். தாதி வீட்டுக்கு வந்து மருந்து ஏற்றுவார், டாக்டர் காணொளியில் பார்ப்பார்.

நெஞ்சில் ஒட்ட ஒரு பேட்ச் கொடுத்தார்கள். இதயத் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, தோலின் சூடு மூன்றையும் அது டேப்லெட்டுக்கு அனுப்பும். ரத்த அழுத்தத்தையும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் விழுக்காட்டையும் நாமே எடுத்துப் பதிய வேண்டும். பேட்சைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "ராத்திரி பூரா அங்க உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்கல்ல" என்றார்.

ஒருநாள் இரவு புழுக்கத்தில் வேர்த்து, பேட்சின் ஓரம் கிளம்பிவிட்டது. டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு சாம்பல் நிறமாகி நின்றது. அழைப்பு வரும் என்று அம்மா கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். காலையில்தான் வந்தது. பேட்ச் நாள் முழுக்கப் பதிவு செய்யும், ஆனால் குழு குறித்த நேரங்களில்தான் திரையைப் பார்க்கும். இடையில் எண் எல்லை தாண்டினால் எச்சரிக்கை போகும், இணைப்பு அறுந்தால் அதை அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை என்று அப்போதுதான் விளக்கினார்கள். கருவியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

அதே பேட்ச்தான் பிறகு கைகொடுத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. தாதி அழைத்தார்: "அங்கிளோட மூச்சு காலையிலேருந்து ஏறிக்கிட்டே இருக்கு, துடிப்பும் நூறைத் தாண்டிடுச்சு. குளிருதான்னு கேளுங்க." "எனக்கு ஒண்ணுமில்ல மிஸ்ஸி" என்று அப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார். அப்பாவின் காலைக் கேமராவில் காட்டினோம். வார்டில் பேனாவால் சுற்றி வரைந்து அனுப்பியிருந்த கோட்டைத் தாண்டி, சிவப்பு முழங்கால் பக்கம் ஏறியிருந்தது. உடனே மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் சாயங்காலம்தான் வந்தது.

அதனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் கேளுங்கள்: திரையை யார் பார்க்கிறார், எந்தெந்த நேரம், இரவில் எந்த எண்ணை அழைப்பது, பேட்ச் கழன்றால் என்ன செய்வது. பதிலை எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இரவுப்பணித் தாதி:

அக்கா கேட்கச் சொன்ன எல்லாவற்றையும் தயங்காமல் கேளுங்கள். எங்களுக்குத் தொந்தரவு இல்லை.

சின்ன அசைவுக்கெல்லாம் மணி அடித்தால் நாளடைவில் காது அதைத் தள்ளிவிடும், நிஜமான ஆபத்தும் அதோடு தவறிப்போகும். அதனால்தான் எல்லைகளைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கிறார்கள். நோயாளியின் வழக்கமான துடிப்பு என்ன, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலிலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. எல்லையை அவருக்கேற்ப மாற்ற வேண்டும்.

இன்னொன்றை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலுக்குள் செலுத்திக் கணக்கிடுகிறது. கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே தமனி ரத்தத்தில் 88க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது. 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று கொடுத்த ஆக்சிமீட்டரை இன்னும் பலர் வைத்திருக்கிறீர்கள். 95 காட்டுகிறதே என்று, மூச்சு வாங்கும் பெரியவரை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். குளிர்ந்த விரலும் அடர்நிற நகப்பூச்சும்கூட எண்ணைக் கெடுக்கும்.

பாட்டியின் பேரன்:

எங்கள் பாட்டிக்குக் கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார். விடியற்காலையில் அலறியது, சர்க்கரை 3.1 மில்லிமோலுக்கு இறங்கிவிட்டது என்று. பணிப்பெண் பதறி மைலோ கலக்க ஓடினார். விரலில் குத்திப் பார்த்தால் 6.4. பாட்டி அந்தக் கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திசுநீரை அளக்கிறது. அழுத்தம் பட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சாதாரண நேரத்திலும் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். இப்போது மற்றக் கையில் ஒட்டுகிறோம். 3.9க்குக் கீழே போனால் முதலில் புரண்டு படுக்கச் சொல்லிவிட்டு விரலில் குத்திப் பார்க்கிறோம். வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் மட்டும் குத்திக்கொண்டிருக்க நேரமில்லை, விழுங்க முடிந்தால் உடனே இனிப்பு.

தோ பாயோ வாசி:

அண்ணனின் கைக்கடிகாரம் துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்டியது. பலதுறை மருந்தகத்தில் எடுத்த ஈசிஜி சீராக இருந்தது. டாக்டர் அதோடு விடவில்லை, மேல் சோதனைக்கு அனுப்பினார். நெஞ்சில் ஒட்டிய பேட்சில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, பிடிபட்டது. வந்து வந்து போகிற கோளாறு என்பதால் ஈசிஜி எடுத்த நேரத்தில் சிக்கவில்லை. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார். ஆனால் அந்தக் கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

செங்காங் மகள்:

தங்கச்சி, பீட்டா பிளாக்கர் விஷயத்தை அடுத்த முறை முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன், அப்பா அதைத்தான் சாப்பிடுகிறார். இன்னொரு கேள்வி. எங்களுக்குக் கொடுத்த டேப்லெட்டில் எல்லாம் ஆங்கிலம். நான் வேலைக்குப் போனால் அம்மாவுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. தாளில் தமிழில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தமிழ்த் திரை உள்ள கருவி யாருக்காவது கிடைத்ததா? கிடைத்திருந்தால் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.