மழைக்காலத்தில் கோழிக்கூட்டின் பலகைத் தளத்தைப் பாதுகாப்பது எவ்வாறு?

கேள்வி (தலவாக்கலை):
வணக்கம். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், நிலத்திலிருந்து இரண்டு அடி உயர்த்திக் கட்டிய எங்கள் கோழிக்கூட்டின் பலகைத் தளம், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து எச்சமும் ஈரமும் ஊறி, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு நைந்துவிட்டது. கழிவு என்ஜின் ஒயில் பூசலாமா?

பதில் (ஹட்டன்):
தயவுசெய்து பூச வேண்டாம். அதிலுள்ள நச்சுப்பொருட்கள் கோழிகளின் உடலிலும் முட்டையிலும் சேரக்கூடும். நைந்த பலகைகளை மாற்றி, தளப் பலகைகள் எல்லாம் நன்றாகக் காய்ந்தபின், வெட்டுமுனைகளையும் விடாமல், வெளிப்புறப் பெயின்டை இரண்டு தடவை பூசி, மணம் முற்றாக நீங்கிய பிறகே கோழிகளை விடுங்கள்.

பதில் (பண்டாரவளை):
பூச்சு மட்டும் போதாது. மேலே லினோலியம் விரித்து, 3 அல்லது 4 அங்குலத்துக்கு உலர்ந்த மரச்சீவலைப் பரப்புங்கள். கையில் பிடித்து நெரித்தால் கட்டியாகவே நிற்கும் சீவலில் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அமோனியா நெடி எழுமுன் அதை அள்ளி எருக்குழியில் மக்கவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வெயில் கண்டதும் பலகைகளைக் கழற்றுகிறேன்.