நொய்யல் ஆத்தப் பத்தி 8ம் வகுப்பு பசங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்குறது?

ஆத்தோரம்_டீச்சர்:
வணக்கங்க. திருப்பூர் பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்குறேன். ஆத்து மாசு, கழிவுநீர் பாடம் அடுத்து வருது. புத்தகத்த வாசிச்சு கேள்வி பதில் எழுதிப் போட்டுட்டு போயிரலாம்தான், ஆனா கூப்புடு தூரத்துல நொய்யல் ஓடும்போது அப்படி விட மனசு வரல. ரெண்டு விஷயம் இடிக்குது. கலரா ஓடுனாத்தான் அழுக்குனு பசங்க நினைக்கிறாங்க, "இப்பதான் கலர் வரலையே டீச்சர், ஆறு நல்லாயிருச்சா?"னு ஒரு புள்ள கேட்டுச்சு. இன்னொண்ணு, வகுப்புல பாதிப் பேரோட அப்பா அம்மா சாயப்பட்டறையிலயும் ப்ளீச்சிங்லயும் வேலை பாக்குறவங்க, ஆத்தக் கெடுத்தது சாயப்பட்டறைனு நான் போர்டுல எழுதிப் போட்டா அந்தக் குழந்தைங்க மனசு என்ன ஆகும்னு யோசனையா இருக்கு. செலவு அதிகமில்லாம வகுப்புலயே செஞ்சு காட்டுற மாதிரி இருந்தா சொல்லுங்க.

உப்புத்தண்ணி:
டீச்சர், சாயப்பட்டறைக் கழிவுநீர சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பாக்குறேன். அந்தப் புள்ள கேட்ட கேள்வியிலயே பாடத்த ஆரம்பிச்சிருங்க. சாயத்தண்ணியில பெரிய தலைவலி கலர் இல்லீங்க, உப்பு. பருத்தியில ரியாக்டிவ்ங்கிற வகைச் சாயம் ஏறணும்னா உப்பு போட்டே ஆகணும், டார்க் கலர்னா லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் போகும், சாயம் பெரும்பாலும் துணியில ஏறிரும் ஆனா உப்பு அத்தனையும் தண்ணியோடயே வெளிய வந்துரும்.

ரெண்டு டம்ளர் தண்ணியில கொஞ்சம் களிமண்ணு கலக்குங்க, ஒண்ணுல மட்டும் ரெண்டு சிட்டிகை உப்பு சேருங்க. ரெண்டுலயும் படிகாரம் போட்டு தெளிய விட்டு துணியில வடிகட்டுனா பாக்க ஒரே மாதிரி பளிச்சுனு இருக்கும். எது நல்ல தண்ணினு பசங்கள கை தூக்க சொல்லிட்டு அப்புறம் டிடிஎஸ் மீட்டர (தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்கறது) உள்ள விடுங்க, ஆர்ஓ வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் பண்றவங்க எல்லார்கிட்டயும் அது இருக்கும். குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கறது நல்லது, உப்பு போட்ட டம்ளர்ல ஆயிரக்கணக்குல காட்டும். அந்தத் தண்ணிய எவர்சில்வர் தட்டுல மெல்லிசா ஊத்தி வெயில்ல வைங்க, காஞ்சதும் வெள்ளையா படிஞ்சிருக்கும். நாங்க செய்யறதும் இதேதான். 2011 ஜனவரியில ஹைகோர்ட் பட்டறைகள மூட சொன்னதுக்கு அப்புறம், சொட்டுத் தண்ணி வெளிய விடக்கூடாதுங்கறத கறாரா பாக்குறாங்க, அதனால ஆர்ஓ-ல பிரிச்சு, மிச்சத்த எவாப்பரேட்டர்ல ஆவியாக்கி, தண்ணியையும் உப்பையும் திரும்ப சாயத்துக்கே அனுப்புறோம். எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையா ஷெட்ல கிடக்கு, அதையும் பசங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க.

சென்னிமலை_பொண்ணு:
டீச்சர், குழந்தைங்க மனசு நோகக்கூடாதுனு நீங்க நினைக்கறது சரிதான், ஆனா அதுக்காக ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்த விவசாயிங்க கதைய விட்டுறாதீங்க. போர்டுல ஆறு மொத்தத்தையும் வரைங்க, வெள்ளியங்கிரி மலை, கோவை, திருப்பூர், ஒரத்துப்பாளையம், அப்புறம் கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கிற ஊர்ல காவிரி. பாசனத்துக்குனு கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி வந்து தேங்கி, அது நிலத்துல இறங்கி, சுத்துவட்டார கிணறெல்லாம் உப்பாப் போச்சு. அணையில தண்ணிய தேக்காதீங்கனு விவசாயிங்களே கோர்ட்டுக்குப் போனாங்க, வேற எந்த ஊர்லயாவது விவசாயி அப்படிக் கேப்பானா சொல்லுங்க. பட்டறையில வேலை பாத்த அப்பா அம்மா மேல தப்பு இல்ல, சுத்தம் பண்ண ஆகுற செலவ யாரும் ஏத்துக்காம ஆத்துத் தலையில கட்டுனதுதான் தப்பு. இத இப்படியே சொன்னா 8ம் வகுப்புப் பசங்களுக்கு நல்லாவே புரியும்.

கரும்பலகை:
நானும் டீச்சர்தான், கோவையில. சாயத்தோட நிறுத்திறாதீங்க மேடம், நொய்யல்ல இன்னைக்கு வீட்டுச் சாக்கடையும் நிறைய கலக்குது, அதுல நம்ம எல்லார் வீடும் சேர்த்தி.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால்ல ரெண்டு சொட்டு மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயம் விட்டு (கலர் மீன் கடையில கிடைக்கும்), பேக்கரி ஈஸ்ட் ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்தி ஆட்டாம வைங்க. கொஞ்ச நேரத்துல நீலம் போய் பால் வெள்ளையாயிரும், மேல காத்து படுற விளிம்புல மட்டும் நீலமா ஒரு வளையம் நிக்கும். ஈஸ்ட் ஆக்சிஜன எடுத்துக்குது, அது தீர்ந்தா நீலமும் போயிரும். சாக்கடை கலந்தா ஆத்துலயும் இதான் நடக்குது, கழிவத் திங்கற பாக்டீரியா பெருகி ஆக்சிஜன எல்லாம் இழுத்துக்கிட்டா மீனுக்கு மூச்சு இல்ல. டம்ளர நல்லா கலக்குனா நீலம் திரும்ப வரும். சுத்திகரிப்பு நிலையத்துல தொட்டிக்குள்ள ஏன் காத்து அடிக்கிறாங்கனு அப்ப பசங்களே சொல்லிருவாங்க. ஆத்துத் தண்ணியையோ சாக்கடையையோ பசங்க கையால எடுக்க விடாதீங்க, தேவைப்பட்டா நீங்க க்ளவுஸ் போட்டு மூடி போட்ட பாட்டில்ல எடுத்துட்டு வந்து தூரத்துல வச்சு காட்டுங்க.

ஆத்தோரம்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. முதல்ல உப்பு டம்ளர், அப்புறம் ஆத்து மேப், கடைசியா பால்னு வச்சுக்கறேன். சென்னிமலை சிஸ்டர், நீங்க சொன்னத அப்படியே எடுத்துக்கறேன். என் வகுப்புல ஒரு பையனோட அப்பா டையிங் மாஸ்டர், உப்பு எதுக்குப் போடுறோம்னு அவரே வந்து சொன்னா நல்லா இருக்கும்னு தோணுது, ஹெச்எம் கிட்ட கேட்டிருக்கேன். உப்புத்தண்ணி அண்ணா, டிடிஎஸ் மீட்டர் இரவல் கிடைக்கலைனா வேற வழி இருக்குங்களா?

உப்புத்தண்ணி:
இருக்குங்க டீச்சர். ஒரு பேட்டரி, சின்ன எல்ஈடி பல்பு, ரெண்டு வயர் போதும். வயரோட முனை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு படாம தண்ணியில விட்டா, உப்புத் தண்ணியில பல்பு பளிச்சுனு எரியும், மத்ததுல மங்கலா இருக்கும். 9 வோல்ட் பேட்டரி வாங்குங்க, எல்ஈடிக்கு ஒரு ரெசிஸ்டர் சேத்துக்குங்க, இல்லைனா பல்பு போயிரும்.