பழைய பூவேலைக் கண்ணாடி: கிணத்துத் தண்ணியில கழுவாதேங்கோ
(யாழ்ப்பாணத்து ஆக்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னது; பேருக்குப் பதிலாக ஊர்)

வண்ணார்பண்ணை
நாற்சார் வீட்டு (நடுவில முற்றம் உள்ள பழைய வீடு) நிலைக்கு மேல இருக்கிற மங்கல் பூவேலைக் கண்ணாடியில கிணத்துத் தண்ணி படக்கூடாது. குடாநாட்டுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது; காய்ஞ்சால் கல்சியம், அமிலம் அரிச்ச நுண்குழிகளுக்க படிஞ்சிடும். வழுவழுப்பான பக்கத்தில துடைச்சால் போகும், மங்கல் பக்கத்தில லேசில போகாது. பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணி வாங்குங்கோ (அமிலம் கலந்த போத்தல் இல்லை). ஒரு லீற்றருக்குச் சாயமில்லாத பாத்திரம் கழுவுற திரவம் 3, 4 துளி, மெல்லிய தூரிகை, பிறகு வடிச்ச தண்ணியாலேயே அலசல். புளி, சாம்பல், பற்பசை ஒண்டும் வேண்டாம், சாம்பலும் பற்பசையும் பூவின்ர ஓரத்தைத் தேய்ச்சுப்போடும். ஏற்கெனவே வெள்ளை படிஞ்சிருந்தால் வினாகிரி 1 பங்கு, தண்ணி 4 பங்கு, பஞ்சில நனைச்சு 2 நிமிடம். கண்ணாடியில வானவில் மினுக்கம் தெரிஞ்சால் அதுவும் கூடாது. மேற்பரப்பு ஏற்கெனவே சிதைஞ்சிருக்கு.

நல்லூர்
அண்ணை சொன்னதோட இன்னொண்டு. மங்கலுக்கு நடுவில தெளிவான திட்டுத் தெரிஞ்சால் அது அழுக்கு இல்லை, எண்ணெய். குழிகளை எண்ணெய் நிரப்பினால் ஒளி சிதறாது, பூ மறைஞ்சிடும். சிலிக்கன் பசையும் இதைத்தான் செய்யும். பழைய கண்ணாடிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. எண்ணெய்த் திட்டில அசிற்றோன் நனைச்ச பஞ்சை 10 நிமிடம் வைச்சு எடுங்கோ, தேய்க்கவேண்டாம். சட்டத்து வார்னிஷில பட்டால் அது கரைஞ்சு திரும்பக் கண்ணாடிக்குத்தான் வரும்.

கொக்குவில்
மூலையில வெடிப்பு வாறதுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடியைச் சட்டத்தில பிடிக்கிற ஆணி. உப்புக் காத்தில இரும்பு துருப்பிடிச்சு ஊதும், ஊதி விளிம்பை நெருக்கும். கண்ணாடியை மட்டும் மாத்திப் பழைய ஆணியை விட்டால் திரும்பவும் அதே இடத்தில வெடிக்கும். செப்பு ஆணி போடுங்கோ, சட்டத்தைவிடக் கண்ணாடி நீள அகலத்தில 3 மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். பழைய மக்கை (கண்ணாடியைச் சட்டத்தில பதிக்கிற பசை) நீராவியால இளக்கவேணும். சூட்டுத் துப்பாக்கி (சூடான காத்து ஊதுற கருவி) ஒரு இடத்தை மட்டும் சுடாக்கிக் கண்ணாடியைப் பிளந்துபோடும். பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கலாம், காய்ஞ்சபடி தேய்க்காதேங்கோ.
மக்குக்குச் சோக்குத் தூள் 1 கிலோவுக்கு ஆளிவிதை எண்ணெய் ஏறக்குறைய 200 கிராம். முதல்ல மரத்துக்கு எண்ணெய் பூசுங்கோ, இல்லாட்டி மரம் மக்கின்ர எண்ணெயை உறிஞ்சி மக்கு வெடிக்கும். மங்கல் பக்கம் வீட்டுக்குள்ள பாக்கவேணும். அந்தப் பக்கத்தில கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில இருக்கிற படுக்கை மக்கு இறுக்கமாக, மெல்லிசாக இருக்கட்டும். கசிஞ்ச எண்ணெயில உடன சோக்குத் தூள் தூவித் தட்டிவிடுங்கோ.

சுண்டுக்குளி
வெடிச்ச கண்ணாடியை எறியவேண்டாம். கண்ணாடி ஒட்டுற ஹெக்ஸ்டல் என்.வை.எல்-1 எபொக்சிப் பசையில பிசின் 3 பங்குக்கு இறுக்கி 1 பங்கு, நிறையில; டிஜிட்டல் தராசில நிறுத்துக் கலக்கவேணும். மங்கல் பக்கத்தில ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வழுவழுப்பான பக்கத்தால சொட்டுச் சொட்டாக விட்டால் வெடிப்பு தானாக உறிஞ்சும். மங்கலில வழிஞ்சால் நல்லூர் சொன்ன அதே தெளிவான திட்டுத்தான், இறுகினால் எடுக்கேலாது. இறுக ஒரு கிழமை பிடிக்கும்.

மானிப்பாய்
துண்டே இல்லையெண்டால்?

வண்ணார்பண்ணை
அதே பூ உள்ள மற்றக் கண்ணாடியில மெல்லிய தாள் வைச்சு, விளிம்புகளை மென்பென்சிலால உரசிப் படி எடுங்கோ. பின்னால கறுப்புத் துணி கட்டி, பக்கத்து வெளிச்சத்தில படமும் எடுங்கோ. புதுசுக்கு மணல் வீச்சுப் போதும். அமிலத்தைவிடக் கொஞ்சம் சொரசொரப்பாக வரும், அதால மிக நுண்ணிய மணல் கேளுங்கோ. கண்ணாடியை அரிக்கிற ஐதரோபுளோரிக் அமிலத்தை வீட்டில தொடவேண்டாம் தம்பி. வலி தெரிய முதலே தோலுக்குள்ளால இறங்கி, உடம்பில உள்ள கல்சியத்தைப் பிடிச்சு ஆளைக் கொல்லும்.